சங்கை எடுத்தவன் யார்?

"கம்யூனிஸ்டுகளுக்குக் கோயில் மணியிலும் பள்ளிவாசல் பாங்கிலும் என்ன வேலை?" என்று நம்மைக் கேட்கிறவர்கள் உண்டு. எதிரிகள் ஏளனமாகக் கேட்கிறார்கள். தோழர்களில் சிலர் சங்கடத்தோடு கேட்கிறார்கள். வேலை உண்டு என்பதே நமது பதில். எந்த ஓசையைக் கேட்டு ஜனங்கள் கண் விழிக்கிறார்களோ, எந்த ஓசையைக் கேட்டுக் கண் கலங்குகிறார்களோ, எந்த ஓசையின் பேரால் ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்கும்படி தூண்டப்படுகிறார்களோ, அந்த ஓசையைப் பற்றி உழைப்பாளிகளின் கட்சி பேசாமல் வேறு யார் பேசுவது? கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு வேறு இடம் உண்டு. நாம் கேட்பது இவ்வளவுதான்: கடவுளைக் கூப்பிடுகிற ஓசை யாருடைய உழைப்பில் பிறந்தது? இன்று அது யாருடைய கையில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சென்னைக்கு வடக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் மேட்டில் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்கோடி நம்முடையது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், மாதாவின் பேரையே ஊர்ப் பேராகக் கொண்ட நடுவூர் மாதாகுப்பம், முஸ்லிம் மக்கள் வாழும் ஜமீலாபாத் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு தெய்வம். ஆனால் ஏரி ஒன்றுதான். போர்ச்சுகீசியர் காலத்தில், 1515இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் இங்கே இருக்கிறது. தொழுகை நேரம் பார்க்க நிழற்கடிகாரம் வைத்த பள்ளிவாசல் இருக்கிறது. விஜயநகர காலத்துப் பெருமாள் கோயில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கீழே, கல்வெட்டும் இல்லாமல் கோபுரமும் இல்லாமல், குப்பத்து அம்மன் கோயில்கள் இருக்கின்றன. அங்கே பம்பையும் உடுக்கையும், அடுத்த குப்பத்தில் மணி, அதற்கடுத்த குப்பத்தில் பாங்கு. காற்றடங்கிய விடியற்காலையில் ஏரியில் படகில் இருப்பவன் காதுக்கு மூன்றும் ஒரே தண்ணீர்மேல்தான் வந்து சேருகின்றன.

பழவேற்காட்டு மீனவர் பேச்சில் "பாடு" என்று ஒரு சொல் உண்டு. எந்த நாளில், எந்தக் குப்பத்தார், ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பேர். சீட்டுப் போட்டு இடத்தைப் பிரித்துக்கொள்வார்கள். சர்க்கார் சட்டம் எழுதுவதற்கு முன்பே ஜனங்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட சட்டம் இது. தமிழில் இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் இருக்கிறது, பாருங்கள்! பட்ட துன்பம் பாடு. வலையில் விழுந்தது மீன்பாடு. முறை வைத்துக் கட்டுவதும் பாடு. வாய் திறந்து பாடு என்றாலும் அதே பாடு. பண்டிதர்கள் வேரைத் தோண்டி, இது வேறு, அது வேறு என்று பிரித்துக் காட்டக்கூடும். காட்டட்டும். வலை இழுக்கிறவன் வாயில் இவை பிரிந்திருந்ததில்லை.

ஏனென்றால் பாட்டு அவனுக்கு வேலைக் கருவி. கரைவலையை இழுக்க இருபது முப்பது பேர் வேண்டும். அத்தனை கையும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும்; ஒரு கை முந்தினால் கயிறு சறுக்கும், ஒரு கை பிந்தினால் பளு மற்றவன் தோளில் ஏறும். "ஏலேலோ" என்று ஒருவன் எடுப்பான், "ஐலசா" என்று எல்லாரும் முடிப்பார்கள். முடிக்கும் அந்த இடத்தில் வலை ஒரு முழம் கரைக்கு வரும். நடுவில் அம்மன் பேர் வரும், மாதா பேர் வரும், ஆண்டவன் பேர் வரும். கடலில் உயிருக்கு உத்தரவாதம் இல்லாதவன் யாரையாவது கூப்பிடத்தான் செய்வான். நாற்று நடும் பெண்களின் குலவையும், ஏற்றம் இறைப்பவனின் எண்ணிக்கைப் பாட்டும், சுண்ணாம்பு இடிப்பவர்களின் பாட்டும் இப்படிப் பிறந்தவைதான். தோழர் நா. வானமாமலை இவற்றைத் தேடித் தொகுத்து 1964இல் "தமிழர் நாட்டுப் பாடல்கள்" என்று நூலாகத் தந்தார். பல்கலைக்கழகங்கள் பெரிதாகத் திரும்பிப் பாராத காலத்தில் அவர் செய்த வேலை அது.

இன்று குப்பங்களில் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகும் இயந்திரமும் பிடித்துக்கொண்டன. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மாற்றம் இன்னும் வேகமாக நடந்தது. இயந்திரம் முழங்கும் இடத்தில் ஏலேலோவுக்கு இடமில்லை. நாம் இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. முதுகெலும்பை முறித்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதற்காக ஒப்பாரி வைப்பது, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறவர்களின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. கூடி வேலை செய்கையில் பிறந்த பாட்டு மௌனமாகிவிட்டது. அது விட்டுப்போன இடத்தில் வாடகைக்கு வந்த ஒலிபெருக்கி உட்கார்ந்துகொண்டது. முன்பு பாடினவன் இப்போது கேட்கிறவனாகிவிட்டான். கேட்கிறவனுக்கு என்ன போடுவது என்று முடிவு செய்கிறவன் வேறொருவன்.

புனித ஓசையில் எது ஏட்டில் ஏறியது, எது ஏறவில்லை என்பதற்கும் பழவேற்காட்டிலேயே சாட்சி இருக்கிறது. டச்சுக்காரர்கள் இங்கே 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரை வியாபாரத்துக்கு நெடுங்காலம் இதுவே அவர்களுக்குத் தலைமை இடம். 1632 முதல் 1642 வரை ஆப்ரகாம் ரொகேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1651இல் ஹாலந்தில் அது அச்சாயிற்று. நான்கு வேதங்களின் பேரை அதில் சொன்னார். பர்த்ருஹரியின் சுலோகங்களை டச்சு மொழியில் பெயர்த்துச் சேர்த்தார். சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுவே முதல் தடவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே காலத்தில், அதே கோட்டைக் கரையிலிருந்து கப்பல்களில் வேறு என்ன ஏறிற்று? மனிதர்கள் ஏறினார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களும் பிடித்து வரப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக பத்தாவியா முதலிய டச்சுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ரொகேரியஸின் நூலுக்குப் பொருள் பிராமணர்களின் வாழ்வும் வழிபாடும். கப்பலின் அடித்தட்டில் கிடந்தவன் எந்தத் தெய்வத்தை எந்த ராகத்தில் கூப்பிட்டான்? அதற்கு ஏடு இல்லை, அச்சு இல்லை.

அந்தப் பாதிரியாரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்பதற்கே உரிமை இல்லாத ஓசை என்று ஒன்றை இந்த நாட்டில் அவர் வருவதற்கு வெகு காலம் முன்பே உண்டாக்கி வைத்திருந்தார்கள். வேத ஓசையைச் சூத்திரன் வேண்டுமென்றே கேட்டால் காதில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்மசூத்திரம் விதிக்கிறது. எழுத்தில் எழுதாமலே, ஏற்றியும் இறக்கியும், சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி ஓதியும் ஓர் ஒலி பிசகாமல் பல நூறாண்டு காத்த அந்த மனப்பாடக் கலை அதிசயமானது. அதை நாம் மறுக்கவில்லை. 2003இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பாரம்பரியம் என்று அறிவித்தது. மனிதகுலத்தின் பாரம்பரியமாம்! சொந்த ஊரில் அதே மனிதகுலத்தின் பெரும்பாலோர் காதுக்குத் தடை போட்டிருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

இந்தத் தடையை மதத்துக்குள்ளேயே நின்று உடைத்தவர்கள் உண்டு. எட்டெழுத்து மந்திரத்தை யாருக்கும் சொல்லாதே என்று ஆணையிட்டுக் குரு உபதேசித்தார். ராமானுஜர் திருக்கோட்டியூர்க் கோயிலில் ஏறி நின்று ஊர் கேட்க அதைச் சொன்னார் என்று வைணவர்கள் சொல்கிறார்கள். தான் நரகம் போனாலும் எல்லாரும் உய்யட்டும் என்றாராம். நமக்கு நரகத்திலும் நம்பிக்கை இல்லை, உய்வதிலும் நம்பிக்கை இல்லை. ஆயினும் பூட்டி வைத்த ஓசையைத் தெருவுக்குக் கொண்டுவந்த அந்தக் காரியத்தின் பொருள் நமக்குப் புரிகிறது. பள்ளிவாசலிலும் இதைப் போல ஒன்று உண்டு. நபிகள் காலத்தில் முதன்முதலில் பாங்கு சொன்னவர் பிலால். அவர் விடுதலை பெற்ற ஓர் அடிமை. கறுத்த நிறத்து அபிசீனியர். அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட பழவேற்காட்டில் பாங்கு ஒலிக்கும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மாதா கோயிலுக்குப் போகும் தோழர்களும் லூக்கா சுவிசேஷத்தில் மாதா பாடும் பாட்டைப் படித்துப் பார்க்கட்டும். அது யார் பக்கம் நிற்கும் பாட்டு என்று அவர்களுக்கே தெரியும்.

இனி நமது கேள்விக்கு வருவோம். ஓசையைச் செய்தவன் யார்?

சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் பூசைக்கு முன் ஊதுகிறார்களே, அந்தச் சங்கு ஆகாயத்திலிருந்து விழவில்லை. மன்னார் வளைகுடாவின் கடலடியில் மண்ணில் புதைந்து கிடக்கும் ஓர் உயிரின் ஓடு அது. அதை எடுக்க மூச்சடக்கி மூழ்க வேண்டும். தூத்துக்குடிக் கரையின் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலைச் செய்தவர்கள். பரதவர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்கள் ஆனவர்கள். ஆக, கிறிஸ்தவன் கையும் முஸ்லிம் கையும் கடலடியிலிருந்து கொண்டுவந்த சங்கைத்தான் இந்துக் கோயிலில் ஊதுகிறார்கள். வங்காளத்தில் சுமங்கலிப் பெண்கள் அணியும் சங்கு வளையலும் பெரும்பாலும் இந்தக் கடலிலிருந்து போனதுதான். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். மூழ்கியவனின் நுரையீரலுக்கு என்ன ஆயிற்று, காதுச் சவ்வு கிழிந்தவனுக்கு யார் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள் என்பதைச் சங்கு ஊதுகிறவரும் கேட்பதில்லை, கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவரும் கேட்பதில்லை.

முரசை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தனார் கதை நமது விவசாயத் தொழிலாளர்களுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலோருக்குத் தெரிந்தது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கதை. அதில்தான் பண்ணையார் வேதியர் வருகிறார், ஓர் இரவில் வயல் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அந்த வேதியர் இல்லை. அங்கே வேறொரு செய்தி இருக்கிறது. கோயில் பேரிகைகளுக்குப் போர்த்தும் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர் நந்தனார் என்கிறார் சேக்கிழார். இதைத் தோழர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே முழங்குவது நந்தன் பதப்படுத்திய தோல்; உள்ளே மீட்டுவது நந்தன் முறுக்கிய நரம்பு. அவன் கொடுத்த தோல் கருவறை வரை போகலாம். அவன் உடம்பில் இருக்கும் தோல் வாசலைத் தாண்டக் கூடாது! தாண்டுவதற்கு அது நெருப்பில் வெந்தாக வேண்டும்!

பழங்கதை என்று தள்ளிவிடலாமா? கச்சேரி மேடையில் புனிதமாக வைத்துப் பூப்போட்டுக் கும்பிடும் மிருதங்கத்துக்கு மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் வேண்டும். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, வாரிட்டு, சுதி சேர்த்துக் கொடுக்கும் தலித் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதினார். அதை வெளியிட இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்திரா நிறுவனம் கடைசி நேரத்தில் அனுமதியை வாபஸ் வாங்கிக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. மிருதங்கம் மேடை ஏறலாம். அதைச் செய்தவனின் கதை ஏறினால் மேடைக்குக் கோபம் வந்துவிடுகிறது.

பாட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். தேவாரப் பதிகங்கள் மறைந்து கிடந்து கிடைத்தபோது அவற்றை எப்படிப் பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லையாம். திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் குலத்துப் பெண் ஒருத்தி பண் வகுத்துக் கொடுத்தாள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பாணர் யார்? கோயில் வாசலுக்கு வெளியே நின்று யாழ் வாசித்தவர்கள். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணரும் வெளியே நின்றவர்தான். அரங்கத்துக்கு எதிர்க்கரையில் நின்று பாடிய திருப்பாணாழ்வாரும் வெளியே நின்றவர்தான். பண் அவர்களுடையது, மண்டபம் வேறொருவருடையது.

அந்த மண்டபத்துக்கு நெல் எங்கிருந்து வந்தது? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று கல்லில் வெட்டி வைத்தான். பாடுகிறவனுக்குக் கூலி உண்டு, அதைக் கல்லில் எழுத வேண்டும் என்ற அந்த வழக்கம் நல்ல வழக்கம். இன்றைய முதலாளிகள் சிலர் காகிதத்தில்கூட எழுதித் தருவதில்லை. ஆனால் அந்த நெல்லை விளைத்தவன் பேர் எந்தக் கல்லிலும் இல்லை.

நந்தன் வெந்ததாகச் சொல்லப்படும் அதே சிதம்பரத்தில், நடராசர் சன்னதியின் திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட ஆறுமுகசாமி என்ற முதிய சிவனடியார் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தமிழில் பாட எவருக்கும் உரிமை உண்டு என்று சர்க்கார் உத்தரவு போட்டு, 2008 மார்ச் 2ஆம் தேதி போலீஸ் பாதுகாப்போடு போய்த்தான் அவர் பாடினார். தீட்சிதர்கள் மறித்தார்கள்; தள்ளுமுள்ளு நடந்தது. அவர் பாடப்போனது புரட்சிப் பாட்டா? அவர்களே ஓதுவதாகச் சொல்லும் தேவாரம்! பாட்டு ஒன்றுதான், வாய்தான் வேறு. சண்டை பாட்டைப் பற்றியது அல்ல, வாயைப் பற்றியது.

சங்கு என்றால் ஆலைத் தொழிலாளிக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதிகாலையில் ஊதி அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பி வாசலுக்கு இழுத்த ஆலைச் சங்கு அது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் சங்குக்குப் பல்லாயிரம் குடும்பங்கள் அடங்கி நடந்தன. அந்தச் சங்குக்கு எதிராகத் தொழிலாளி முதலில் எங்கே கூடினான் தெரியுமா? பஜனைக் கூடத்தில்! செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒரு சபை நடத்தினார்கள். பக்திச் சொற்பொழிவு கேட்க ஆலைத் தொழிலாளர்கள் அங்கே வந்தார்கள். வந்த இடத்தில் ஆலையில் படும் அடியையும் உதையையும் பேசினார்கள். திரு. வி. க. அங்கே பேசினார். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. முதலாளி கூட்டம் கூட அனுமதிக்காத இடத்தில், கடவுள் பேரைச் சொல்லித் தொழிலாளி கூடினான். பஜனையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கும் தோழர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது எண்ணிப் பார்க்கட்டும். மார்க்ஸ் 1844இல் எழுதியதில் அபினி என்ற ஒரு சொல்லை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். துன்பப்படுகிறவனின் பெருமூச்சையும் மதத்தில் அவர் கேட்டார் என்பதை விட்டுவிட்டார்கள். பெருமூச்சு விடுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது மருத்துவன் செய்யும் காரியம் அல்ல.

ஆனால் அதே பெரம்பூரில் இன்னொன்றும் நடந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கமும், சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர் மறுபக்கமுமாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தம் தோற்றது. ஆலைக்கு எந்த நஷ்டமும் இல்லை. 1996இல் ஆலை மூடப்பட்டபோது எல்லாச் சாதியினரும் எல்லா மதத்தினரும் ஒன்றாகத்தான் தெருவுக்கு வந்தார்கள்.

இதை இன்று பழவேற்காட்டுக்கு ஏன் சொல்கிறோம்? ஏரியின் தெற்கே காட்டுப்பள்ளியில் 2012இல் எழுந்த துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. அதைப் பல மடங்கு விரிக்கத் திட்டம் போட்டார்கள். கடலரிப்பு வரும், முகத்துவாரம் கெடும், மீன்பாடு போகும் என்று குப்பங்கள் எதிர்த்தன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அம்மன் கும்பிடுகிறவனும் மாதாவைக் கும்பிடுகிறவனும் தொழுகிறவனும் சேர்ந்து நின்று எதிர்த்த எதிர்ப்பு அது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட் ஏவுகிறார்கள். விஞ்ஞானத்தின் அந்த முழக்கத்தில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று உத்தரவு வருகிறது. போகாத நாளுக்குக் கூலி எங்கே என்று குப்பத்தான் கேட்டால் அந்தக் குரல் ராக்கெட் சத்தத்தில் யாருக்கும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளை ஒன்றுபட்ட குப்பங்கள்தான் கேட்க முடியும். ஒன்றுபட்ட குப்பங்களைப் பிரிக்க மலிவான கருவி எது? ஒலிபெருக்கி!

2022இல் மகாராஷ்டிரத்தில் அதைப் பார்த்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளை இறக்காவிட்டால் எதிரே நின்று அனுமன் துதியை ஒலிபெருக்கியில் போடுவோம் என்று ராஜ் தாக்கரே கெடு வைத்தார். அனுமன் மீது வந்த பக்தியா இது? துதியைக் கல்லாக்கி எறிகிற வேலை! சத்தத்தைப் பற்றி உண்மையான கவலை உள்ளவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்துக் குடியிருப்பார் ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2000 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியாலும் முரசாலும் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் கட்டளையிடவில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு வந்த விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாம் இதை ஆதரிக்கிறோம். இரவு வலைக்குப் போய் வந்தவனுக்கும் இரவுச் சிப்டு முடித்து வந்தவனுக்கும் தூக்கம் வேண்டும். ஆனால் விதி மூன்று கோயில்களுக்கும், நான்காவதாக அரசியல் கட்சி மேடைகளுக்கும் (நமது மேடையையும் சேர்த்துத்தான்) ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடிப்பதற்குக் கம்பாக அது ஆகக் கூடாது. குப்பங்களில் பிரச்சினை வந்தால் மூன்று ஊர்ப் பெரியவர்களும் கூடி நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளலாம். ஏரியில் வலை கட்டும் நேரத்தைப் பிரித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

எதிரியைப் பற்றிச் சொல்லியாயிற்று. நம் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கசப்பான விஷயம்; ஆனால் இந்த ஏடு அதைச் சொல்லாவிட்டால் வேறு எந்த ஏடும் சொல்லாது. வட மாவட்டக் கிராமங்களில் அம்மன் ஆடி வரும்போது முன்னால் பறை முழங்குகிறது. பறை இல்லாமல் அம்மன் எழுந்திருக்க மாட்டாள், பிணமும் எழுந்திருக்காது. அடிக்கிறவன் சேரியிலிருந்து வருகிறான். தெய்வத்தை எழுப்பும் அந்தக் கைக்குக் கூலி பேசுவது கடைசியில். சோறு போடுவது ஓரத்தில். ஒலிபெருக்கிக்காரனுக்கு முன்பணம், பறைக்காரனுக்கு விழா முடிந்து மிச்சம். மிராசுதார் செய்தால் கொதிக்கிறோம். நாமே செய்தால் வழக்கம் என்கிறோம். பாடு முறையிலும் இதே குறை இருந்து வந்திருக்கிறது. பட்டினவர் குப்பங்கள் தங்களுக்குள் வெகு நேர்மையாகப் பிரித்துக்கொண்டன. ஆனால் அந்தச் சீட்டில் ஆதிதிராவிடர் பேர் இல்லை, இருளர் பேர் இல்லை. அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்தவர்கள். துறைமுகம் வந்தால் முதலில் போகப்போவது அவர்கள் பிழைப்பு. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அதானியை எதிர்க்க ஒற்றுமை வேண்டும் என்று சொன்னால், அந்த ஒற்றுமைக்கு எவ்வளவு பலம் இருக்கும்?

ஆடித் திருவிழாவுக்கு வரி போட ஊர்க்கூட்டம் கூடும்போது மீனவர் சங்கத் தோழர்கள் இரண்டு விஷயங்களை எழுப்ப வேண்டும். பறை, பம்பை, உடுக்கைக் கலைஞர்களின் கூலியை ஒலிபெருக்கி வாடகைக்கு முன்னால் கணக்கு நோட்டில் எழுதி, முன்பணம் கொடுத்து, ஊர்ப் பந்தியில் ஒரே வரிசையில் இலை போட வேண்டும். பாட்டில் பங்கில்லாத குடும்பங்களின் பிரதிநிதிகளை அழைத்து, ஏரியில் அவர்களுக்கு எந்த இடம், எந்த நாள் என்று பேசத் தொடங்க வேண்டும். பேச்சு ஒரே கூட்டத்தில் முடியாது, சச்சரவு வரும். வந்தால் மாவட்டக் குழுவுக்கு எழுதுங்கள், தோழர்கள் வருவார்கள்.